கூரை ஓடு மாற்றும்போது வாசலில் ஸ்கிப்: பெர்மிட் எப்போது வேண்டும், பொறுப்பு யாருடையது?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகத் தொடங்கும். ஓடுகளை முழுதாக மாற்றியே ஆகவேண்டும் என்று பில்டர் சொல்லிவிடுவார். புது ஓடு என்ன நிறம், என்ன விலை, எத்தனை வருட உத்தரவாதம் என்று எல்லாம் விசாரிப்போம். இறக்கிய பழைய ஓடு எங்கே போகும் என்பது மட்டும் கடைசி வரை நினைவுக்கு வராது. வழக்கமாக அது போவது ஸ்கிப்பில், அதாவது வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்து, நிரம்பியதும் லாரி தூக்கிப்போகும் பெரிய இரும்புத் தொட்டியில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. அது வீட்டுக்காரரையும் பிடிக்கும்.

முதலில் எடை. கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ வரும். 70 சதுர மீட்டர் கூரை என்றால் ஓடு மட்டுமே 3 டன்னைத் தாண்டும். பழைய வீடுகளின் சின்னச் சுட்ட மண் ஓடாக இருந்தால் சதுர மீட்டருக்கு 60 ஓடு. மொத்தம் 4, 5 டன் கூட ஆகும். ஓட்டுக்கு அடியில் மழைநீர் புகாமல் விரித்திருக்கும் ஃபெல்ட் விரிப்பும், உளுத்துப்போன ரீப்பர் கட்டைகளும் தனி. பில்டர்ஸ் ஸ்கிப் என்று சொல்லும் 6 அல்லது 8 (கன) யார்டு ஸ்கிப்தான் இதற்குச் சரி. பெரிதாக எடுத்தால் ஒரே தடவையில் முடியும் என்று 12 யார்டு கேட்பவர்கள் உண்டு. அதில் ஓடுகளை நிரப்பினால் லாரியால் தூக்க முடியாது. ஆகவே கம்பெனிகள் ஓடு, கல், மண் போட அதைக் கொடுப்பதில்லை. ஸ்கிப்பின் விளிம்பு மட்டத்துக்கு மேல் குவிக்கவும் கூடாது. குவித்தால் டிரைவர் ஏற்றாமல் போய்விடுவார். வீண்பயணத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஸ்கிப் உங்கள் சொந்த டிரைவ்வேயில் முழுதாக நின்றால் யாரிடமும் பெர்மிட் வாங்கத் தேவையில்லை. ரோட்டில் வைத்தால் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், பிரிவு 139 வந்துவிடும். ரோட்டுக்குப் பொறுப்பான அமைப்பின் (பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில்) எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஸ்கிப் வைப்பது குற்றம். இதில் ரோடு என்றால் கார் ஓடும் பகுதி மட்டும் அல்ல. நடைபாதையும் ஓரத்துப் புல்தரையும் சேர்த்தி. டிரைவ்வேயில் வைத்த ஸ்கிப் பாதிக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தாலும் அனுமதி வேண்டும். என் தெருவில் இப்படி நீட்டிய ஒரு ஸ்கிப்பைச் சுற்றிப்போக, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் ரோட்டில் இறங்கி நடந்ததைப் பார்த்த பிறகு, இந்த விதியை வெறும் காகித வேலை என்று நான் நினைப்பதில்லை.

பெர்மிட்டைப் பெரும்பாலும் ஸ்கிப் கம்பெனியே கவுன்சிலிடம் வாங்கித் தரும். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். கிடைக்கச் சில வேலை நாட்கள் ஆகும். லண்டனில் சிவப்புக் கோடு போட்ட முக்கியச் சாலை என்றால் கவுன்சிலிடம் அல்ல, நகரப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனிடம் கேட்க வேண்டும். பெர்மிட் வைத்துத்தான் பார்க்கிங் செய்யலாம் என்ற தெருக்களில் அந்த இடத்தில் மற்ற வண்டிகள் நிற்காதபடி தற்காலிகமாக ஒதுக்கத் தனி விண்ணப்பமும் தேவைப்படலாம். இருட்டில் ஸ்கிப்புக்கு விளக்கு எரிய வேண்டும். உரிமையாளர் பெயரும், தொலைபேசி எண்ணோ முகவரியோ, அழியாத எழுத்தில் இருக்க வேண்டும். நிரம்பியதும் கூடிய சீக்கிரம் அகற்ற வேண்டும். அனுமதி இருந்தாலும் கவுன்சிலோ போலீஸோ நகர்த்தச் சொன்னால் நகர்த்தத்தான் வேண்டும்.

இந்தக் கடமைகள் எல்லாம் ஸ்கிப்பின் 'உரிமையாளர்' மேல்தான். அது கம்பெனிதானே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஒரு மாதமோ அதற்கு மேலோ வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் என்றால், எடுத்தவரையே உரிமையாளராகச் சட்டம் கருதும். சாரம் கட்டி, மழைக்குக் காத்திருந்து, கூரை வேலை இழுபடுவது வழக்கம்தான். அதற்காக ஆரம்பத்திலேயே நீண்ட வாடகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓடு இறக்கும் நாளுக்கு முதல் நாள் ஸ்கிப் வந்து, நிரம்பியவுடன் போனால் போதும். இரண்டு தடவை வரவழைப்பது கூட இதைவிட நல்லது.

"ஸ்கிப் எதற்கு அண்ணை? நான் வேனில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன், கேஷ் தாங்கோ" என்று சொல்பவர்தான் உண்மையான ஆபத்து. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக் கழிவை உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அவர் எங்காவது காட்டோரம் கொட்டிவிட்டுப் போய், அதில் உங்கள் முகவரி போட்ட ஒரு கடிதம் கிடந்தால், கவுன்சில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இங்கிலாந்தில் 2023 ஜூலை இறுதியிலிருந்து இதற்கான உடனடி அபராதம் 600 பவுண்டு வரை போகலாம். தன் சொந்த வேலையில் வந்த கட்டடக் கழிவை ஏற்றிப்போகும் பில்டரும் கழிவு ஏற்றுபவராகப் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியின் இணையப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். ரசீதும் வாங்கி வையுங்கள். கேட்டால் கோபப்படுகிற பில்டரிடம் கூரையையும் கொடுக்க வேண்டாம் என்பேன்.

கராஜ் கூரையையும் சேர்த்து மாற்றுகிறீர்களா? அந்த நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். வெள்ளை அஸ்பெஸ்டாஸ் பிரிட்டனில் 1999இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதை உடைக்கவோ சாதாரண ஸ்கிப்பில் ஓட்டோடு ஓடாகப் போடவோ கூடாது. அது அபாயகரமான கழிவு. தனியாகச் சுற்றிக் கட்டி, தனி ஏற்பாட்டில்தான் போக வேண்டும். பிளாஸ்டர்போர்டு, பெயிண்ட், பேட்டரி, டயர், பழைய ஃபிரிட்ஜ் எதையும் கேட்காமல் ஸ்கிப்பில் போடாதீர்கள். இரவில் அக்கம்பக்கத்தார் தம் பழைய பொருட்களைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. மாலையில் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

தோட்டத்து ஷெட்டின் கூரையை நீங்களே மாற்றுகிறீர்கள் என்றால் ஸ்கிப்பே வேண்டாம். இங்கிலாந்தில் 2023 டிசம்பர் 31 முதல், வீட்டுக்காரர் தாமே செய்த வேலையின் கழிவில் ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு வரை, நான்கு வாரத்தில் நான்கு தடவை, கவுன்சிலின் கழிவு மையத்தில் கட்டணமில்லாமல் கொடுக்கலாம். பில்டர் செய்த வேலையின் கழிவுக்கு இந்தச் சலுகை கிடையாது.