லேப்ராஸ்கோப்பிக் பேரியாட்ரிக் சர்ஜரி: தமிழில் எப்படிச் சொல்வது?

உடற்பருமனைக் குறைக்க, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை இது. இந்தப் பெயரின் வேர்கள் கிரேக்கம். ‘பாரோஸ்’ எடை, ‘இயாட்ரோஸ்’ மருத்துவர். இவை சேர்ந்து பேரியாட்ரிக். ‘லப்பாரா’ விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட மென்பகுதி, ‘ஸ்கோப்பெயின்’ உற்றுநோக்குதல். மனித உடலுக்குள் கருவி செலுத்திப் பார்த்ததை 1910-இல் எழுதிய சுவீடன் மருத்துவர் யாக்கோபேயுஸ் அதை ‘லப்பாரோதொராகோஸ்கோப்பி’ என்றார். அதில் வயிற்றுக்கு உரிய பாதிதான் இன்றைய லேப்ராஸ்கோப்பி.

‘வயிற்றறை நோக்கல்’ வேருக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் வெட்டுவது, தைப்பது எல்லாமே இப்போது அதே துளைகள் வழியாக நடப்பதால், ‘நுண்துளை உடற்பருமன் அறுவை சிகிச்சை’ என்பதே சரியாகப் பொருந்தும். ‘கொழுப்பு நீக்க அறுவை’ என எழுதுவது பிழை. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். இங்கே கத்தி படுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும்.

வயிற்றில் 5 முதல் 12 மி.மீ. அளவில் நாலைந்து துளைகள் போட்டு, கரியமில வாயுவால் சுமார் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு உப்பவைப்பார்கள். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் இரைப்பையின் மேற்பகுதியை மறைக்கும். இரண்டு வாரம் முன்பிருந்தே குறைகலோரி உணவு தருவது அதைச் சுருக்கத்தான்.

அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ், அதாவது குழல் இரைப்பை அறுவை. 12 மி.மீ. அளவுள்ள பூஜி குழாயை வாய்வழியே இறக்கி, அதை அளவாக வைத்து, இரைப்பையின் கீழ்வாயிலிலிருந்து 4–6 செ.மீ. தள்ளி, தைத்துக்கொண்டே வெட்டும் ஸ்டேப்ளரைப் போடத் தொடங்குவார்கள். 75–80 விழுக்காடு இரைப்பை வெளியே வந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் அதில் போய்விடுவதால், அளவு மட்டுமல்ல, பசியும் குறைகிறது.

ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் கசிவு வந்தால், அது பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய மேல்முனையில்தான் வரும். அங்கே சுவர் மெலிது, இரத்த ஓட்டமும் குறைவு; குழலின் நடுப்பகுதி குறுகிவிட்டால் உள்ளழுத்தமும் ஏறும். கசிவு இருந்தால், காய்ச்சலுக்கு முன்பே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டலாம். அதை வலியால் வந்த படபடப்பு என்று விட்டுவிடவே கூடாது.

நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும்; அவர்களுக்கு பைபாஸ், அதாவது மாற்றுவழி அறுவை, மேல். இரைப்பையின் மேல்பக்கத்தில் 15–30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். குடலை இடம்மாற்றும்போது உண்டாகும் இடைவெளிகளைத் தைத்து மூடாவிட்டால், எடை இறங்கிய பிறகு அவற்றில் குடல் புகுந்து சிக்கிக்கொள்ளக்கூடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். வாந்தி நிற்காதவருக்கு குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும்.