செனகல் ஆற்றின் அணைகள் யாருக்குச் சொந்தம்?

மனன்தாலி அணை முழுக்க முழுக்க மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு எல்லைக்குள், செனகல் ஆற்றின் தலையாறான பஃபிங் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. ஆனாலும் அது மாலிக்கு மட்டும் உரியதன்று. மாலி, மூரித்தானியா, செனகல் ஆகிய மூன்று நாடுகளும் 1978 டிசம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அந்த அணையும் கடல்முகத்துக்கு அருகிலுள்ள டியாமா அணையும் மூவருக்கும் பொதுவான, பாகம் பிரிக்க முடியாத சொத்துகள். இவற்றை நிர்வகிக்கும் செனகல் ஆற்று வளர்ச்சி அமைப்பு 1972-இல் தோன்றியது.

இரண்டு அணைகளின் வேலையும் வெவ்வேறு. கோடையில் ஆற்று வரத்து குறையும்போது கடல்நீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஏறிவிடும். 1986-இல் முடிந்த டியாமா அந்த உவர்நீரைத் தடுக்கிறது. 1988-இல் முடிந்த மனன்தாலி, மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் கீழே அனுப்புகிறது. கடைமடையின் நலனுக்காகத் தலைமடையில் ஓர் அணை தேவைப்பட்டதாலேயே கூட்டுடைமை என்ற ஏற்பாடு பிறந்தது எனலாம்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது செலவைப் பங்கிட்ட முறை. யாருக்கு எத்தனை கன மீட்டர் நீர் என்று பேரம் பேசியிருந்தால் பேச்சு இன்றும் முடிந்திருக்காது. மாறாக, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகியவற்றால் ஒவ்வொரு நாடும் பெறக்கூடிய பயனைக் கணக்கிட்டு, செனகலுக்கு 42.1, மாலிக்கு 35.3, மூரித்தானியாவுக்கு 22.6 விழுக்காடு எனச் செலவைப் பிரித்தார்கள். மனன்தாலியின் 200 மெகாவாட் மின்திறனில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மூரித்தானியாவுக்கு 15 விழுக்காடு கிடைக்கிறது. பாசன நிலத்தின் பெரும்பகுதியோ கீழுள்ள இரண்டு நாடுகளில் இருக்கிறது. கட்டுமானக் கடனுக்கும் மூன்று நாடுகளும் கூட்டாகவே பிணை நின்றன. கடற்கரையே இல்லாத மாலி பெரிதும் எதிர்பார்த்த படகுப் போக்குவரத்து மட்டும் திட்டமிட்டபடி கைகூடவில்லை.

1989-இல் செனகலுக்கும் மூரித்தானியாவுக்கும் இடையே கடும் மோதல் வெடித்து, பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டபோதும் இந்த அமைப்பு கலையவில்லை. ஆறு பிறக்கும் ஃபூட்டா ஜல்லோன் மலைப்பகுதியைக் கொண்ட கினி நாடு 2006-இல்தான் இதில் சேர்ந்தது.

நீர்ப் பங்கீட்டின் விதிகளை 2002-ஆம் ஆண்டின் நீர்ச் சாசனம் சொல்கிறது. அதன்படி நீர் நாடுகளுக்கென்று அல்லாமல் பயன்பாடுகளுக்கென்று ஒதுக்கப்படுகிறது. பற்றாக்குறை வந்தால் குடிநீருக்கும் நலிந்த பயனாளர்களுக்கும் தனிக் கவனம் தர வேண்டும். ஆற்றின் போக்கைக் கணிசமாக மாற்றக்கூடிய திட்டத்தை எந்த நாடும் மற்றவர்களின் ஒப்புதலின்றித் தொடங்க முடியாது. நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த நிலையான நீர்க்குழு ஒன்று, அமைச்சர்கள் மன்றத்துக்கு ஆலோசனை வழங்குகிறது.

அணைகளின் விலையை ஆற்றங்கரைக் குடும்பங்களும் கொடுத்தன. உவர்நீர் நின்றதும் நன்னீர் நத்தைகள் பெருகி, அவற்றின் வழியே பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் செனகலின் ரிஷார் தோல் நகரைச் சுற்றி வேகமாகப் பரவியது. சம்பங்கோரை மண்டி வாய்க்கால்களை அடைத்தது. வெள்ளம் வடிந்த ஈரத்திலேயே சோளம் விதைத்துப் பிழைத்தவர்களுக்கு அந்த வெள்ளமே குறைந்துபோனது. இதற்காகவே, அசாதாரணச் சூழல் தவிர்த்து ஆண்டுதோறும் மனன்தாலியிலிருந்து செயற்கை வெள்ளம் திறந்துவிட வேண்டும் என்று சாசனம் வகுக்கிறது. ஆனால் அப்படித் திறக்கும் நீர், மின் உற்பத்திக்காகத் தேக்கிவைக்க விரும்பும் அதே நீர்தான். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை விவாதிக்கும் நீர்க்குழுவில் பயனாளர்களின் பிரதிநிதிகளைப் பார்வையாளர்களாகச் சேர்க்கச் சாசனம் இடம் தருகிறது. விதைப்பை நம்பி வாழ்பவர்களுக்குப் பார்வையாளர் இருக்கை போதாது, முடிவெடுப்பதில் குரல் வேண்டும் என்பதே என் கருத்து.