ஆஸ்துமா, இரைப்பு, ஈளை: கொரோனா காலத்துல எந்தச் சொல் எதைக் குறிக்குது

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நம்ம ஆளுங்ககிட்ட பேசினா பெரும்பாலும் "ஆஸ்மா"ன்னுதான் சொல்லுவாங்க, நடுவுல த் வராது, ஏன்னா இங்கிலீஷ்ல அப்படித்தான் உச்சரிக்கிறது. தமிழ்நாட்டுலருந்து வந்தவங்க "ஆஸ்துமா"ம்பாங்க. இதுல யாரும் யாரையும் திருத்த வேண்டாம், ஆனா ஒண்ணு சொல்லணும், கிரேக்க மொழியில அந்த த் ஒலி உண்டு, அதனால தமிழ்ல நாம எழுதுற ஆஸ்துமாதான் மூலத்துக்கு இன்னும் கிட்ட நிக்குது.

கிரேக்கத்துல இந்தச் சொல்லுக்கு முதல்ல நோய்ங்கிற அர்த்தமே கிடையாது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறது, அவ்வளவுதான். ஹோமரோட இலியட்ல ஹெக்டர் அடிபட்டு களத்துல கிடந்து மூச்சு வாங்குற இடத்துல இதே சொல் வருது, அவனுக்கு ஒரு நோயும் இல்ல. பின்னால ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வழங்குற மருத்துவ நூல்கள்லதான் இது வைத்தியருங்க வாயில வர ஆரம்பிக்குது. அப்புறம் லத்தீன், இங்கிலீஷ்னு சுத்தி நம்மகிட்ட வந்து சேர்ந்துச்சு.

தமிழ்ல இதுக்குச் சொல் இல்லாம இல்ல, நிறையவே இருக்கு, அதுதான் கொஞ்சம் குழப்பம். இரைப்பு, இளைப்பு, இழுப்பு, ஈளை, சுவாசகாசம், இலங்கைப் பக்கம் தொய்வு, முட்டு. ஈளைன்னும் எழுதுறாங்க ஈழைன்னும் எழுதுறாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இரைப்பு. இரைதல்னா சத்தம் போடுறது, கடல் இரையுதுன்னு சொல்றோம்ல, இரைச்சலும் அதே வேர்தான், அதனால இரைப்புன்னு சொன்னாலே மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளேருந்து வர்ற அந்தச் சத்தம் காதுல கேட்டுடுது. சித்த மருத்துவத்துலயும் இரைப்பு, இரைப்பிருமல்னு வழங்குறாங்க. ஈளைக்கு பழைய வழக்குல கோழை, காசம்ங்கிற அர்த்தமும் கலந்து கிடக்கு. சுவாசகாசத்துல வர்ற காசம் சமஸ்கிருதத்துல வெறும் இருமல், ஆனா நமக்கு காசம்னா டிபி, தென்னாப்பிரிக்கா மாதிரி டிபி இவ்வளவு பரவிக் கிடக்கிற நாட்டுல ஒரு பெரியவர் போய் "எனக்கு காசம்"னு சொன்னா கேக்கறவங்க வேற எதையோ நினைச்சுக்குவாங்க. அதனால என் கருத்து, ஆஸ்துமாவுக்குத் தமிழ் வேணும்னா இரைப்பு நோய், அதைத்தான் கோயில் நோட்டீஸ்லயும் போடலாம்.

இப்ப கொரோனா. லத்தீன்ல கிரீடம், மாலைன்னு அர்த்தம், மைக்ராஸ்கோப்ல பார்த்தா சுத்திலும் முள்ளு முள்ளா நிக்கிறதால 1968ல அந்தக் குடும்பத்து வைரஸ்களுக்கே இந்தப் பேரு வெச்சாங்க. தமிழ்ல தீநுண்மி, நச்சுயிரின்னு எழுதுறாங்க. சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது இன்னொரு சொல், மூச்சுத்திணறல். இரைப்பும் மூச்சுத்திணறலும் ஒண்ணுன்னு நினைச்சு பேசுறோம், அது ஒண்ணு இல்ல, கொரோனா வந்த ஆஸ்துமாக்காரங்களுக்கு இந்த வித்தியாசம் உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்.

இரைப்புல நடக்கிறது மூச்சுக்குழாய்ல. குழாய் உள்பக்கம் வீங்கி, சுத்தியிருக்கிற தசை இறுகி, சளியும் சேர்ந்து வழி குறுகிப் போகுது. உள்ள இழுக்கிறதை விட வெளிய விடுறது கஷ்டம், அதான் விடும்போது சன்னமா விசில் சத்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயா படுக்க முடியாம கட்டில் ஓரத்துல உக்காந்து, ரெண்டு கையையும் முட்டி மேல ஊணி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவாங்களே, அதுதான் இரைப்பு. பம்ப், அதாவது இன்ஹேலர் அடிச்சா கொஞ்ச நேரத்துல தசை தளரும், சத்தம் குறையும்.

கொரோனா முத்திப்போய் வர்ற மூச்சுத்திணறல் அதுக்கும் கீழ, நுரையீரலோட காத்துப் பைகள்ல. அங்க நீர் கோர்த்து வீங்கிடுறதால காத்து உள்ள போனாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள ஏறாது. விசில் சத்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. நீல பம்ப் எத்தனை தடவை அடிச்சாலும் இதுக்குக் கேக்காது, ஏன்னா பிரச்சனை குழாய்ல இல்ல. இருபது முப்பது வருசமா இரைப்போட வாழ்ந்தவங்க "இது எனக்கு எப்பவும் வர்றதுதான்"னு வீட்டுலயே உக்காந்துடுறாங்க, அந்த நேரந்தான் போயிடுது.

2020 மார்ச் 5ம் தேதி தென்னாப்பிரிக்காவோட முதல் கேஸ் வந்ததே நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்துல, மாசக் கடைசிக்குள்ள நாடே லாக்டவுன். அப்ப ரேடியோவைப் போட்டாலே கோமோர்பிடிட்டி, கோமோர்பிடிட்டின்னுதான் கேட்டுச்சு. தமிழ்ப் பத்திரிகைங்க இதுக்கு இணைநோய்னு அழகா ஒரு சொல்லைப் பிடிச்சுது. ஆஸ்துமா இருந்தவங்க எல்லாருக்கும் பயம், எங்களுக்கு வந்தா பிழைக்க மாட்டோம்னு. நுரையீரலைத் தாக்குற வைரஸ், ஏற்கனவே இழுத்துக்கிட்டு இருக்கிற மார்பு, பயம் வராம எப்படி இருக்கும்.

ஆனா ஆராய்ச்சி முடிவுங்க வர வர தெரிஞ்சது வேற. இங்கிலாந்துல 1 கோடியே 70 லட்சம் பெரியவங்களோட மருத்துவப் பதிவை வெச்சு 2020ல வெளியான ஆய்வுல, ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இருக்கிறவங்களுக்கு சாவு ஆபத்து மத்தவங்களை விட பெருசா கூடல. சமீபத்துல பிரெட்னிசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டி வந்தவங்களுக்கு, அதாவது கட்டுக்குள்ள வராத கடுமையான இரைப்புக்காரங்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதல். அலர்ஜியால வர்ற ஆஸ்துமா இருக்கிறவங்களோட மூச்சுக்குழாய்ல இந்த வைரஸ் ஒட்டிக்கிற ஏஸ்2 ஏற்பி குறைவா இருக்குன்னும் பார்த்தாங்க, அது ஒரு காரணமா இருக்கலாம். வயசு, சக்கரை, உடல் பருமன் இதெல்லாம் ஆஸ்துமாவை விட பெரிய ஆபத்து. நம்ம தென்னாப்பிரிக்க இந்தியருங்ககிட்ட சக்கரை ரொம்ப அதிகம், இரைப்புக்கு மாத்திரையா ஸ்டீராய்டு எடுத்தா சக்கரை இன்னும் ஏறும், அதனால ரெண்டும் சேர்ந்து இருக்கிறவங்க டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லணும், ஒண்ணைச் சொல்லி ஒண்ணை விட்டுடக்கூடாது.

ஸ்டீராய்டுன்னு கேட்டதும் பயந்து நிறைய பேர் அப்ப பிரவுன் பம்ப்பை நிறுத்திட்டாங்க, எதிர்ப்பு சக்தி போயிடும்னு யாரோ சொன்னாங்களாம். இதுதான் ரொம்ப வருத்தமான விஷயம். நீல பம்ப்ல இருக்கிறது சால்பியூட்டமால், அப்போதைக்கு தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வழக்கமா பிரவுன் பம்ப்ல இருக்கிறதுதான் ஸ்டீராய்டு, குழாய் வீக்கத்தையே குறைக்கிற தினசரி மருந்து, அதை விட்டா இரைப்பு திரும்பி வரும், அப்புறம் மாத்திரை, அப்புறம் ஆஸ்பத்திரி. கொரோனா வந்தாலும் பிரவுன் பம்ப்பை நிறுத்தக் கூடாதுன்னுதான் உலக அளவுல ஆஸ்துமா நிபுணருங்க சொன்னாங்க. சொல்லப்போனா அதே குடும்பத்து மருந்தான டெக்ஸாமெத்தசோன்தான் 2020 ஜூன்ல வென்டிலேட்டர்ல கிடந்த கொரோனா நோயாளிங்களோட சாவை மூணுல ஒரு பங்கு குறைக்குதுன்னு தெரிஞ்சது. ஆனா அது ஆக்சிஜன் தேவைப்படுறவங்களுக்கு மட்டும், லேசான கொரோனாவுக்கு வீட்டுல தானா வாங்கிச் சாப்பிடுறது கெடுதல்.

மருந்தை ஆவியாக்கித் தர்ற மெஷின், நெபுலைசர், அதைப் பத்தியும் சொல்லணும். வீட்டுல ஒருத்தருக்கு கொரோனா இருக்கும்போது நெபுலைசர் போட்டா வர்ற புகை மாதிரி நீர்த்துளியோட சேர்ந்து வைரஸும் ரூம் முழுக்க பரவலாம்னுதான் பம்ப்பும், அதோட வாயில மாட்டி மருந்தை மெதுவா இழுக்க உதவுற குப்பி மாதிரியான ஸ்பேசரும் போதும்னு சொன்னாங்க. ஸ்பேசர் வாங்க காசு இல்லாதவங்களுக்கு கேப்டவுன் டாக்டர் ஹெதர் ஸார் குழுவினர் 1999லயே வழி காட்டிட்டாங்க, 500 மில்லி கூல்டிரிங்க் பாட்டில். பாட்டிலை பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில கழுவி, துடைக்காம காய விடணும். கம்பியை பம்ப் வாய் அளவுக்கு வளைச்சு சூடு பண்ணி பாட்டில் அடியில வெச்சா அதே வடிவத்துல ஓட்டை விழும், அதுல பம்ப் வாயைச் சொருகி, சுத்தி காத்து போகாம பசையோ டேப்போ. இந்தப் பக்கம் பாட்டில் வாயைச் சுத்தி உதடு மூடி மெதுவா மூச்சு இழுக்கணும், ஒரு தடவை அழுத்தினா நாலஞ்சு மூச்சு. குழந்தைங்களுக்கு கடையில வாங்குற ஸ்பேசர் அளவுக்கே இது வேலை செஞ்சுதுன்னு நிரூபிச்சுக் காட்டினாங்க. டாக்டர் கண்டுபிடிச்ச வழி, நம்ம ஊர் வழி, இதை எல்லா வீட்டுக்கும் சொல்லணும்.

வேது பிடிக்கிறதும் அப்ப எல்லா வீட்டுலயும் நடந்துச்சு, நம்ம வீட்டுல மஞ்சளும் யூக்கலிப்டஸ் தைலமும், பக்கத்து ஜுலு வீட்டுல உம்ஹ்லோன்யானே இலை. மூக்கடைப்புக்கு இதமா இருக்கலாம், கொரோனாவைக் கொல்லாது, இரைப்புக்காரங்களுக்கு அந்தத் தைல நெடியே மூச்சுக்குழாயை இறுக்கிடலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கிற புகையும் அப்படித்தான், மெரிபேங்க்ல வருசக்கணக்கா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்குப் பக்கத்துல குடியிருந்தவங்களைப் பத்தி நான் தனியா சொல்லவே வேண்டாம். சாமிக்கு விளக்கு போதும், வீட்டுல இரைப்பு இருந்தா சாம்பிராணியை வாசலுக்கு வெளிய போடுங்க.

ரத்தத்துல எத்தனை சதவீதம் ஆக்சிஜன் இருக்குன்னு காட்டுற, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் ஒண்ணு வீட்டுல இருக்கிறது நல்லது. டர்பன் கடல்மட்டத்துல இருக்கு, இங்க 95 இல்ல அதுக்கு மேல காட்டணும். ஜொஹானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல, அங்க நல்லா இருக்கிறவங்களுக்கே ஒண்ணு ரெண்டு குறையலாம். குளிர்ந்த விரலும் நெயில் பாலிஷும் தப்பா காட்டும், கருத்த தோல்ல உள்ளதை விட கூடவே காட்டுறதும் உண்டு, அதனால நம்பரை மட்டும் நம்பி உக்காரக்கூடாது. நீல பம்ப் ஸ்பேசரோட அடிச்சும் நாலு மணி நேரம் கூட தாங்கல, இல்ல சத்தமே இல்லாம மூச்சு மட்டும் வேகமா போகுது, ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியல, உதடு நீலமாகுது, 94க்கு கீழ இறங்குது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, போனதும் "ஆஸ்துமா"ன்னு மட்டும் சொல்லாம, "எனக்கு எப்பவும் வர்ற இரைப்பு இல்ல இது, பம்ப்புக்கு கேக்கல, மூச்சு திணறுது"ன்னு அப்படியே சொல்லுங்க.