மாரியில் கண் வெளிறாத மறி

மாரி பிடித்து மூன்று நான்கு கிழமை போனால், யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மறிகளில் ஒன்றிரண்டு கூட்டத்துக்குப் பின்னால் தேங்கும். தாடைக்குக் கீழே பைபோல வீங்கியிருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இருக்காது, வெளிறிப்போயிருக்கும். குளிர் பிடித்திட்டுது என்பார்கள். பல வேளை அது குளிரல்ல, இரைப்பையில் இருந்து இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழு.

ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிலீற்றர்தான். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலீற்றர். பெண்புழு நாளுக்கு 5,000க்கு மேல் முட்டையிடும். புழுக்கையோடு விழும் முட்டை ஈரத்தில் பொரித்து, குஞ்சுப்புழு புல்லில் ஏறி, அடுத்த ஆட்டின் வாய்க்குள் போகும். பூச்சிமருந்துக்குப் பழகிப்போன புழுக்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. அதனால்தான் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புழுக்கையில் முட்டையை எண்ணி, குறைவாக உள்ள கிடாயைத் தகப்பனாக்குகிறார்கள். புழுவுக்கு எதிரான இந்த எதிர்ப்பு ஓரளவு பரம்பரையாக வரும்.

அப்படித் தெரிந்தெடுத்தால் குட்டி குறையுமா? ஸ்கொட்லாந்துக்கு அப்பால் சென்ட் கில்டா தீவில் காட்டுத்தனமாகத் திரியும் சோவே செம்மறிகளை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். இரத்தத்தில், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரி கூடிய ஆடுகள் கடுங்குளிரில் தப்பிப் பிழைத்தன, ஆனால் இனப்பெருக்கத்தில் பின்தங்கின. 2010இல் வெளியான முடிவு இது. தீனி தட்டுப்பாடான இடத்தில் உடம்பு நோயோடும் சண்டை பிடித்துக் குட்டியும் வளர்க்க முடியாது.

எல்லா நோய்க்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஸ்கிரேப்பி என்ற மூளைநோய்க்கு எதிரான மரபணுவை ஐரோப்பாவில் பரப்பியபோதும் குட்டி குறையும் என்று பயந்தார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. வங்காளத்துச் சதுப்பு நிலத்தில் மேயும் கரோல் செம்மறியோ புழுவையும் தாங்கும், இரட்டையும் போடும்.

என் கண்ணுக்குப் பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. குட்டி போடும் நாளையொட்டி மறியின் புரதமெல்லாம் மடிக்குப் போக, எதிர்ப்பு தளர்ந்து, புழுக்கையில் முட்டை கூடும். இரட்டை சுமந்தவளுக்கு இன்னும் கூடும். அந்த நேரம் எண்ணி, "இது சொத்தை மறி" என்று கழித்தால் கழிவது இரட்டை போடுகிறவள்தான். இரட்டை போட்டவளை இரட்டை போட்டவளோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கிழமைகளில் வேலியிலிருந்து சீமைக்கிளுவைக் குழையும் கொஞ்சப் புண்ணாக்கும் கூடக் கிடைத்தால் முட்டை ஏற்றமும் தணியும்.

எங்கள் ஊரில் தெரிவு வேறு விதமாக, யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. நல்லாய்க் கொழுத்த கிடாய் முதலில் இறைச்சிக்குப் போகும். விலைபோகாமல் மிஞ்சி நிற்பதுதான் அடுத்த வருடக் குட்டிகளுக்குத் தகப்பன்.