வீடியோ போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள்

போன மாதம் எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஓங்கில் (டால்பின்) ஒன்று உயிரோடு கரை ஒதுங்கியது. பொழுது சாயும் நேரம். அடுத்த அரை மணி நேரத்துக்குள் வீடியோ வாட்ஸப்பில் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கு அது வந்து சேர்ந்தபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது, அதுவும் சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் வழியாக. எந்த ஊர் என்று வீடியோவில் எங்கேயும் இல்லை. தெரிந்த மீனவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது. மூச்சுத்துளைக்குள் மணலும் கடல்நீரும் இருந்தன. வால் சேரும் இடத்தில் கயிறு அறுத்த காயம், சதை தெரியும் அளவுக்கு.

யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. காப்பாற்றத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். பையன்கள் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றியிருக்கிறார்கள். பெரியவர்கள் வாலில் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்திருக்கிறார்கள். சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. அதிலிருந்து வனத்துறைக்கோ கடலோரக் காவல் படைக்கோ ஒரு அழைப்புகூடப் போகவில்லை.

நான் கால்நடை மருத்துவர். கரை ஒதுங்கும் கடல் விலங்குகளைப் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இப்படி ஒன்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்தக் குடத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திமிங்கலமும் ஓங்கிலும் ஆவுளியாவும் (கடல்பசு) மீன் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். பரீட்சையில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் கரையில் ஒன்று கிடப்பதைப் பார்த்ததும் அது மறந்துபோய், 'ஐயோ, தண்ணி இல்லாமத் தவிக்குதே' என்று ஓடுகிறோம். அதற்குத் தவிப்பு தண்ணீர் இல்லாமல் அல்ல. அது உங்களையும் என்னையும் போல நுரையீரலால் காற்றை இழுத்து மூச்சுவிடும் உயிர். அதற்குச் செவுள் கிடையாது. ஓங்கிலுக்குத் தலை உச்சியில் இருக்கும் அந்தத் துளைதான் மூக்கு. ஓங்கில் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு இழுப்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். துளை திறக்கும் அந்த நொடியில் நீங்கள் ஒரு குடம் உப்புத் தண்ணீரைக் கொட்டினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். கரையில் கிடக்கும் ஓங்கிலைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்ல முடியும். அப்படிச் செத்த நுரையீரலை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அலை அடிக்கும் இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தாலும் இதே ஆபத்துதான். ஒவ்வொரு அலைக்கும் துளை மூழ்கும்.

கரையில் அதைக் கொல்பவை வேறு. சூடு ஒன்று. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உடம்புச் சூட்டை வெளியே விடாது, நம் ஊர் வெயிலில் அது உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். இன்னொன்று அதன் சொந்த எடை. அப்புறம் பயம். கூட்டம், கூச்சல், செல்பி, தொட்டுப் பார்க்கும் கைகள் எல்லாம் சேர்ந்து பயத்தைக் கூட்டும்.

சரி, உயிரோடு ஒன்று கிடக்கிறது, என்ன செய்வது? முதலில் போன். அப்புறம் கூட்டத்தை விலக்குங்கள், நாய்களைத் துரத்துங்கள். முடிந்தால் வயிறு மணலில் படியும்படி நேராக நிமிர்த்துங்கள். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைக் கொஞ்சம் தோண்டிவிட்டால் அவை மடங்காது. பழைய வேட்டியோ சாக்கோ நனைத்து உடம்பு மேல் போடுங்கள், மூச்சுத்துளையை மட்டும் விட்டுவிட்டு. தண்ணீர் ஊற்றலாம், முதுகிலும் துடுப்பிலும் வாலிலும். தலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். மேலே ஒரு தார்ப்பாய் பிடித்து நிழல் கொடுங்கள். வாலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், ஓங்கிலின் வாலடி காலை உடைக்கும். வாலில் கயிறு போட்டு இழுக்கவே கூடாது, முதுகெலும்பு விலகிவிடும். கடலுக்குள் தள்ளிவிடும் முடிவை வருகிறவர்களிடம் விடுங்கள். நோயுற்ற விலங்கைத் தள்ளிவிட்டால் அடுத்த ஊரில் போய் ஒதுங்கும், அவ்வளவுதான்.

கூட்டமாக ஒதுங்கினால் இது இன்னும் சிக்கல். 2016 ஜனவரி 11 சாயங்காலம் திருச்செந்தூர்ப் பக்கம் ஆலந்தலை, கல்லாமொழி தொடங்கி மணப்பாடு வரை நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள். மீனவர்கள் இரவோடு இரவாகப் படகுகளை இறக்கி, கட்டி இழுத்து ஆழத்தில் கொண்டு விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. பைலட் திமிங்கலம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. நாலு கரையில் கிடந்து குரல் கொடுத்தால் நடுக்கடலில் நிற்பதும் திரும்பி வரும். ஒன்றொன்றாக விடாமல் ஒரு கூட்டமாகச் சேர்த்து வெளியே ஓட்டினால்தான் பலன். 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் நூற்றுக்கு மேல் ஒதுங்கியபோது கடற்படையும் ஊர்க்காரர்களும் விடிய விடிய நின்று, ஒருசிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆட்கள் சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள் என்பது பெரிய விஷயம்.

இன்னொரு வேண்டுகோள். திமிங்கலம் ஒதுங்கினால் சுனாமி வரப்போகிறது என்று தயவுசெய்து பரப்பாதீர்கள். கடலோரத்தில் 2004இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கும் உங்கள் பார்வர்டு போய்ச் சேருகிறது.

செத்து ஒதுங்கினால் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அப்போதும் சொல்ல வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி வந்து குழி தோண்டிப் புதைத்துவிடுகிறது. நாற்றம் தாங்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு உடலில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததா, கப்பல் மோதிய காயமா, வலைக் கயிறு அறுத்ததா, எல்லாம் அதில் எழுதியிருக்கும். புதைப்பதற்கு முன் பக்கவாட்டில் முழு உடம்பு தெரிய ஒரு படம், தலையை மேலிருந்து ஒன்று, முதுகுத் துடுப்பு, தொண்டைக்குக் கீழே வரிப் பள்ளங்கள், வாலின் அடிப்புறம், இவ்வளவாவது எடுத்துவிடுங்கள். நீளம் அளப்பதென்றால் மேல் தாடை நுனியிலிருந்து வால் நடுவில் இருக்கும் வெட்டு வரை நேர்கோட்டில் டேப் பிடிக்க வேண்டும், உடம்பின் வளைவோடு அல்ல. கை மட்டும் வைக்காதீர்கள், மனிதருக்குத் தொற்றும் கிருமிகள் அதில் இருக்கக்கூடும். உப்பிய வயிற்றில் குத்தவும் வேண்டாம், உள்ளே அழுத்தத்தோடு வாயு நிற்கிறது. அம்பர், அதாவது திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள், தேடி வயிற்றைக் கிழிப்பவர்களுக்கு ஒன்று: அம்பர் உண்டாவது பெரும்பாலும் எண்ணெய்த் திமிங்கலம் எனப்படும் ஸ்பெர்ம் திமிங்கலத்தில்தான், அதுவும் அபூர்வமாக. அதை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம்.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒதுங்கும் பெரிய உடல் எல்லாம் நீலத் திமிங்கலம் இல்லை. தலையில் நீளவாக்கில் மூன்று வரம்பு இருந்தால் அது பிரைடு திமிங்கலம். திமிங்கலச் சுறாவையும் திமிங்கலம் என்று எழுதுகிறார்கள். அது மீன். வாலைப் பாருங்கள். மீனுக்கு வால் செங்குத்தாக நிற்கும், திமிங்கலத்துக்குப் படுத்த மாதிரி இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் காரியம் கெட்ட பிறகு செய்வது. எனக்கு உண்மையில் வேண்டியது வேறு. உயிரோடு நீந்திப் போகிறவற்றை யார் பார்க்கிறார்கள், பார்த்ததை யார் எழுதுகிறார்கள்? மன்னார் வளைகுடாவில் ஆய்வுப் படகு எப்போதாவதுதான் போகும். ஆனால் கரையில் தினமும் யாரோ ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்: வலை பின்னுகிற தாத்தா, ஏலக்கூடத்தில் காத்திருக்கும் பெண்கள், கலங்கரை விளக்கத்து ஊழியர், பாம்பன் பாலத்தில் நிற்பவர். பாம்பன் பக்கம் ஓங்கில் போவதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால் நாளைக்கு அவை குறைந்தாலும் குறைந்தது என்று நம்மால் சொல்ல முடியாது.

உயரமான இடம் நல்லது. மணப்பாட்டில் சிலுவைக் கோயில் நிற்கும் மணல்மேடு, முட்டம் பாறைகள், கன்னியாகுமரி மாதிரி. காலையில் காற்று எழும்புவதற்கு முன் பார்க்க வேண்டும். அலை நுனியில் வெள்ளை தெரியத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் எதுவும் கண்ணில் படாது. முதலில் தெரிவது உடம்பு அல்ல, மூச்சு. நீலத் திமிங்கலத்தின் மூச்சு முப்பது அடி உயரம் வரை நேராக எழும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூச்சுத்துளை தலையின் இடது முன்பக்கம் இருப்பதால் மூச்சு முன்னால் சாய்ந்து இடது பக்கம் போகும். திருகோணமலையில் கடலடிப் பள்ளம் கரைக்கு மிக அருகில் வருவதால் கோணேசுவரர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே நீலத் திமிங்கலம் பார்க்கலாம். நம் பக்கம் கடல் அவ்வளவு சீக்கிரம் ஆழமாவதில்லை, அதனால் கரையிலிருந்து அதிகம் தெரிவது ஓங்கில்தான். அதுவும் எழுத வேண்டியதுதான்.

எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: நாள், மணி, இடம், எத்தனை, குட்டி இருந்ததா, எந்தத் திசையில் போனது. இடம் சொல்ல ஜிபிஎஸ் கட்டாயம் இல்லை. குமரிக் கடற்கரையில் கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை நேர்ப்படுத்தி, கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லித் தருவது? 'கோயில் கோபுரமும் செல்போன் டவரும் ஒன்றாகச் சேரும் நேரில், கரையிலிருந்து இத்தனை தூரத்தில்' என்றால் எனக்குப் போதும். படம் எடுத்தால் கரையில் இருக்கும் ஏதாவது ஓர் அடையாளம் அதில் விழட்டும். 'ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்பதையும் எழுதுங்கள். அது வீண் வேலை இல்லை. எவ்வளவு நேரம் பார்த்து எத்தனை தெரிந்தது என்பது தெரிந்தால்தான் கணக்கு கணக்காகும்.

கூனல்முதுகுத் திமிங்கலம் வால் தூக்கினால் அதன் அடிப்புறத்தை எப்படியாவது படம் எடுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஓமான் கரையோரம் வாழும் கூனல்முதுகுக் கூட்டத்தில் நூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அதில் லுபான் என்று பெயரிட்ட ஒரு பெண் திமிங்கலத்துக்கு 2017இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது அரபிக்கடலைக் கடந்து மேற்குக் கரையோரமாக இறங்கிக் கன்னியாகுமரிப் பக்கம் வரை வந்தது. கருவி இல்லாவிட்டால் நம் வாசலுக்கு வந்து போனது யாருக்கும் தெரிந்திருக்காது. கருவி பொருத்தாத மற்றவை வருகின்றனவா என்று கரையில் நிற்கிறவர்கள்தான் சொல்ல முடியும்.

பார்த்ததும் படகை விரட்டிக்கொண்டு போகாதீர்கள், தலைக்கு மேல் ட்ரோனும் வேண்டாம். கரையில் நின்று பார்ப்பதில் அதற்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

வலையில் ஓங்கில் மாட்டினால் வழக்கு வருமோ என்று பயந்து சத்தமில்லாமல் மறைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலமும் ஓங்கிலும் ஆவுளியாவும் இருக்கின்றன, வேண்டுமென்று பிடிப்பது குற்றம். ஆனால் தெரியாமல் மாட்டியதை விடுவித்துவிட்டுச் சொல்ல வருகிறவரைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்து விசாரித்தால் அடுத்த தடவை அந்த ஊரிலிருந்து ஒரு தகவலும் வராது. அதிகாரிகளிடம் இதை நான் நேரிலும் சொல்லிவருகிறேன். பாக் நீரிணைப் பக்கம் வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். ஓங்கிலுக்கும் அப்படிச் செய்யட்டும்.

எண்கள்: காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல் படை 1554. மூன்றாவதாக உங்கள் பகுதி வனச்சரகரின் எண், அதை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு பார்த்தவற்றை இந்தியக் கடல் பாலூட்டிகள் ஆய்வு வலையமைப்பின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். எண்களை ஏலக்கூடத்துச் சுவரில் பெயின்ட்டால் பெரிதாக எழுதுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். ஊர்க் கமிட்டியில் இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் போதும். 1973இல் நம் தென்கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியதும் ஜனவரியில்தான், 2016இல் நடந்ததும் ஜனவரியில்தான். அந்த மாதம் பிறப்பதற்குள் சுவரில் எழுதி முடித்துவிடுங்கள்.