ஸ்டாட்யூவெட் எக்கெஸ்த்ர்: பரியேறிச் சிற்றுருவம்

பிரெஞ்சு அருங்காட்சியகங்களில் குதிரைமேல் அமர்ந்த அரசரின் வெண்கல உருவத்துக்கு அருகே 'ஸ்டாட்யூவெட் எக்கெஸ்த்ர்' என்ற பெயரைக் காணலாம். 'ஸ்டாட்யூ' என்பதன் மூலம் 'ஸ்டாட்டுவா' என்னும் இலத்தீன் சொல். நிறுத்தி வைக்கப்பட்டது என்று பொருள். 'எட்' சிறுமை காட்டும் விகுதி. சிகார் சிறுத்துச் சிகரெட் ஆனதும் இதே விகுதியால்தான். 'எக்கெஸ்த்ர்' குதிரையைக் குறிக்கும் 'எக்குவுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

சிறியது என்பதால் அற்பம் என்று நினைத்துவிடக் கூடாது. பாரிஸின் இன்றைய வாந்தோம் சதுக்கத்தில் 1699-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை நிறுவப்பட்டது. ஜிரார்தோன் வடித்தது, ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். ரோமானிய உடையில், ஆனால் தலையில் தன் காலத்துப் பொய்முடியோடு லூயி அமர்ந்திருந்தார். 1792-இல் புரட்சிக்காரர்கள் அதை உடைத்தார்கள். அதன் ஒரு பாதம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழு வடிவத்தையும் இன்று நமக்குக் காட்டுவது, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வார்த்த சிறுபடிதான்.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதைவிடச் சிறியது, இதைவிடப் பழையது. பிரான்சின் மெட்ஸ் நகரப் பேராலயத்திலிருந்து லூவ்ருக்கு வந்த 9-ஆம் நூற்றாண்டு உருவம். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான உயரம். பிராங்கியப் பேரரசர் சார்லமேனோ அவர் பேரன் சார்லஸோ, கையில் உலக உருண்டையோடு குதிரைமேல் இருக்கிறார். ரோமப் பேரரசர்களின் வாரிசு நான் என்று சொல்ல அந்த ஒரு சாண் வெண்கலம் போதுமானதாக இருந்திருக்கிறது.

வெண்கலத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. முன்னங்காலைத் தூக்கிய குதிரையைப் பளிங்கில் செதுக்கினால் வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மெழுகு உருக்கி உள்ளே கூடாக வார்த்த வெண்கலம் மூன்று காலிலேயே நின்றுவிடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குதிரை பொம்மை' விளையாட்டுப் பொருளாகிவிடும். 'செப்புத் திருமேனி' தெய்வங்களுக்கு உரியது; மன்னருக்கு அதைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. 'சிலை' என்பதற்கோ கல் என்றுதான் முதற்பொருள். வழக்கில் அது பரந்துவிட்டதால் 'குதிரைச் சிறுசிலை' தவறில்லை. ஆனாலும் விடையேறி, மயிலேறி என்று ஊர்தியோடு சேர்த்து அழைக்கும் மரபு நம்மிடம் இருக்கும்போது, 'வெண்கலப் பரியேறிச் சிற்றுருவம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏறியவரின் பெருமிதம் அந்த 'ஏறி'யில் இருக்கிறது.