பாட்டில் ஏற்றும் முன் பத்து நிமிடம் நிற்க வையுங்கள்

போன வாரம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டி வந்தார். மகளுக்கு வயது 20, கல்லூரியில் கடைசி வருடம். இரண்டு முழங்கையின் உட்புறமும் ஊசி போட்ட இடம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. மஞ்சப்பையிலிருந்து அம்மா சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். நான்கு மாதத்தில் பதினோரு பாட்டில். "ஏத்தினா ரெண்டு நாள் நல்லா இருக்கா டாக்டர், மூணாம் நாள் பழையபடி தலை சுத்துது." இந்த மாதம் இதே கதையோடு வந்த மூன்றாவது பெண் இவள்.

பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி பார்த்தேன், 76. ரத்த அழுத்தம் 108/70. எழுப்பிச் சுவரோரம் நிற்க வைத்தோம். ஒரு நிமிடத்தில் 104, ஐந்தாவது நிமிடத்தில் 118, எட்டாவது நிமிடத்தில் 126. ரத்த அழுத்தம் அப்படியேதான் இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதம் இரண்டும் பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தன. "உக்காந்துக்கவா டாக்டர்?" என்று கேட்கும்போதே அவள் உதடு வெளுத்துவிட்டது.

இதற்குப் பெயர் பாட்ஸ். முழுப் பெயர் நீளமானது: போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூட வேண்டும்; 12 முதல் 19 வயது வரை 40. ரத்த அழுத்தம் பெரிதாக இறங்கக் கூடாது. தொந்தரவு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். நாம் நினைக்காமலேயே நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும் தானியங்கு நரம்பு மண்டலம் கணக்குத் தவறும் நோய் இது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது, பலருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு. கொரோனாவுக்குப் பின் நானே நிறையப் பார்க்கிறேன். 1993-லேயே பெயர் வைத்தாகிவிட்டது. இன்னும் "டென்ஷன்", "படிக்கப் பயம்", "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்றுதான் சீட்டு எழுதுகிறோம். நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

நம் ஊரில் அதற்குக் "குளுக்கோஸ்" என்று பெயர். உள்ளே தெம்பு இருக்கிறது, அது சொட்டுச் சொட்டாக உடம்பில் இறங்குகிறது என்று நம்புகிறோம். லேபிளைப் படித்துப் பாருங்கள். டி.என்.எஸ். என்று எழுதியிருந்தால் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரையும் 4.5 கிராம் உப்பும் இருக்கும். அந்தச் சர்க்கரையின் சக்தி இரண்டு இட்லிக்குச் சமம். இரண்டு இட்லிக்கு யாராவது நரம்பில் ஊசி போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் படுத்திருப்பார்களா? உப்பில்லாத வெறும் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) பாட்டில் என்றால் இன்னும் மோசம்: சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ளும், மிச்சமுள்ள தண்ணீர் உடம்பெங்கும் பரவிப்போகும், ரத்தக்குழாயில் தங்குவது கொஞ்சம்தான்.

ஆனால் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஏற்றியதும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. காரணம் அந்த 4.5 கிராம் உப்பு. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், ரத்தக்குழாய் நிரம்பும், இதயம் பதறுவது குறையும். இரண்டு நாளில் சிறுநீரகம் வெளியேற்றிவிட்டதும் பழைய நிலைமைதான். பிரமாதமான மருந்தைத்தான் வாங்கியிருக்கிறாள், தவறான வழியில், தவறான பெயரில், பதினோரு தடவை. கையில் நரம்பு வீங்கிப்போனது உபரி. அதே உப்பையும் தண்ணீரையும் வாய் வழியாகத் தினமும் கொடுத்திருக்கலாம். அடுப்படியில்தான் இருக்கிறது.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. தாத்தாவுக்கு பிபி. அதனால் வீட்டில் எல்லோருக்கும் உப்புக் குறைத்த சமையல், ஊறுகாய், அப்பளம் கிடையாது. தாத்தாவுக்கு அது சரி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பொதுவாக எல்லோருக்கும். பாட்ஸ் உள்ளவர்களுக்கு நிபுணர்களின் பரிந்துரை 10 முதல் 12 கிராம், கூடவே 2 முதல் 3 லிட்டர் தண்ணீர். இந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே மருந்தை நிறுத்தி வைத்திருந்தார்கள், அக்கறையோடு.

கணக்கு எளிது. ஒரு டம்ளர் நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு, கிட்டத்தட்ட 1.25 கிராம். நான்கு டம்ளர் குடித்தால் 5 கிராம். மிச்சம் சாப்பாட்டில் வந்துவிடும். மோர் பிடிக்காவிட்டால் உப்புப் போட்ட கஞ்சி, ரசம், எலுமிச்சை ஜூஸில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் கணக்கில் சேரும். இந்துப்பு வாங்கலாமா என்று கேட்காதீர்கள். அதிலும் அதே சோடியம்தான், அயோடின் சேர்த்த சாதா உப்பே போதும். "லோ சோடியம்" உப்பு வேண்டவே வேண்டாம், அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்திருக்கும்.

தலைசுற்றினால் இனிப்பு ஜூஸ் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சுகர் இறங்கியிருக்கிறதா என்று விரல் நுனியில் குத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். இறங்கவில்லை என்றால் ஒரேயடியாகக் கொடுக்கும் சர்க்கரை ரத்தத்தைக் குடல் பக்கம் இழுத்து, பாட்ஸ் உள்ளவரை இன்னும் படுக்க வைக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு; ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். என்றால் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ள பொடி. அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் பழச்சாறு ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதற்கு நாம் காத்திருந்த வருடங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காதீர்கள். இரவே தலைமாட்டில் வைத்த அரை லிட்டர் தண்ணீரை உட்கார்ந்தபடி ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் காலைத் தரையில் வையுங்கள். பஸ்ஸில் நின்று போக வேண்டிய நாளில் கிளம்பும் முன் இன்னொரு தடவை. இந்த வைத்தியம் ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் உப்பில்லாமல் வெறும் தண்ணீரை ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று குடிப்பது வேலைக்காகாது. பாத்ரூமுக்கு நடப்பதுதான் மிச்சம், ரத்தத்தில் சோடியம் இறங்கினால் ஆபத்தும் கூட.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். காலேஜில் டாய்லெட் போக முடியாது டாக்டர், அதனால் காலை ஏழரை மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை தண்ணீரே குடிப்பதில்லை. எந்தப் பரிசோதனையிலும் வராத தகவல் இது. ஆசிரியர்களே, கல்லூரி நடத்துபவர்களே, தயவுசெய்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் வையுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விஷயம்தான்: தட்டு நிறையச் சோறு போட்டு ஒரே மூச்சில் சாப்பிடாதீர்கள். அதே சாப்பாட்டை ஐந்து ஆறாகப் பிரித்து, சோற்றைக் குறைத்து முட்டை, சுண்டல், பருப்பைக் கூட்டுங்கள். காலையில் வெறும் டீயோடு ஓடுவது, வெள்ளிக்கிழமை விரதம் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. காபி சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குப் படபடப்பு. இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே உப்பு டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம் பார்க்க வேண்டும். அட்ரீனல் சுரப்பிக் கோளாறும் இதே மாதிரி வேஷம் போடும். பிபி, சிறுநீரக நோய், இதய பலவீனம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பல வருடச் சர்க்கரை நோயில் எழுந்ததும் தலைசுற்றும் பெரியவர்களின் கதை வேறு: நின்றால் பிபி இறங்கும், படுத்தால் ஏறும். அவர்களுக்கு இந்த மோர்க் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். பரிசோதனையை மட்டும் யாரும் செய்து பார்க்கலாம். கொரோனாவில் வாங்கி டிராயரில் கிடக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை, நெயில் பாலிஷ் இல்லாத விரலில் மாட்டி, படுத்தபடி ஒரு எண், நின்று பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒரு எண். பக்கத்தில் பிடிக்க ஆள் வேண்டும். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "அப்ப இந்த வாரம் பாட்டில் வேண்டாமா டாக்டர்?" என்றார். வேண்டாம்மா. மகளுக்குத் தனியாக ஒரு சொம்பு மோர், தனியாக ஒரு ஊறுகாய் பாட்டில். அது தாத்தா கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும்.